லெபோ பசார் கலை விழா: பசுமைக்கு ஒதுக்கிய 12,000 வெள்ளியை எதில் போடுவது?

#1 படகுத்துறை

வரைவுத் திட்டத்தைப் பார்க்காதவர்களுக்காக முதலில் அதன் சாரம். பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், லெபோ பசார் சாலையில், சனி ஞாயிறு இரண்டு நாளும் மாலை 4 முதல் இரவு 11 வரை கலை விழா. ஒரு மேடை, 20 உணவுக் கடைகள், ஓர் இரவுக்கு 3,000 பேர் என்று ஏற்பாட்டுக் குழு கணக்குப் போட்டிருக்கிறது. மேடை, ஒலி, பெர்மிட் செலவெல்லாம் தனி. சுற்றுச்சூழலுக்கென்று 12,000 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கி, எதில் செலவிடலாம் என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள்.

முழுப் பணத்தையும் தூக்கியெறியும் கோப்பைகளையும் தட்டுகளையும் ஒழிப்பதில் போடவேண்டும் என்கிறேன். ஆளுக்கு ஒன்றரை பானம் என்று வைத்தால் ஓர் இரவுக்கு 4,500 கோப்பை, இரண்டு இரவுக்கு 9,000. பினாங்கில் 2012லேயே பாலிஸ்டைரின் உணவுப் பெட்டிகளுக்குத் தடை வந்துவிட்டது. அந்த இடத்தைக் காகிதக் கோப்பை பிடித்துக்கொண்டது. ஆனால் தேநீர் ஊறி ஒழுகாமலிருக்க அதன் உட்புறம் பாலிஎதிலீன் பூசியிருக்கும். பூச்சையும் காகிதத்தையும் பிரிக்கத் தனி ஆலை வேண்டும் என்பதால் பழைய காகிதம் வாங்குகிறவர் அதைத் தொடமாட்டார். ‘மக்கும்’ என்று அச்சிட்ட பி.எல்.ஏ. கோப்பையும் சும்மா கிடந்தால் மக்காது. ஈரப்பதத்தோடு 58 டிகிரி அளவில் வாரக்கணக்கில் வைக்கவேண்டும். அப்படி ஓர் உரக்கூடத்தோடு முன்கூட்டியே பேசி முடிக்காமல் அதை வாங்கினால், பத்து மாவுங் ஊரின் குப்பை மாற்று நிலையம் வழியாகக் கடல் கடந்து புலாவ் பூரோங் குப்பை நிலத்துக்குத்தான் போகும். அங்கே பி.எல்.ஏ. அப்படியே கிடக்கும். கரும்புச் சக்கைத் தட்டோ காற்றில்லாமல் அழுகி மீத்தேன் விடும். 2022 ஜனவரியில் தீப்பிடித்து அக்கம்பக்கத்து ஊர்களைப் புகையில் ஆழ்த்தியது அதே புலாவ் பூரோங்தான்.

ஆகவே கழுவித் திரும்பப் பயன்படுத்துவதுதான் வழி. எவர்சில்வர் டம்ளர், ஒன்றுக்கு 5 வெள்ளி முன்பணம், டம்ளரைத் திருப்பிக் கொடுக்க மூன்று முகப்புகள்.

#2 பசார்_கடைக்காரர்

தம்பி, உங்கள் நோக்கத்தில் எனக்குச் சண்டை இல்லை. சுமை யார் தலையில் இறங்குகிறது என்பதில்தான் சண்டை.

20 கடையில் பானம் விற்பவை எட்டு என்று வையுங்கள். முக்கிய நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும், அதாவது எட்டரையிலிருந்து ஒன்பதரைக்குள், அன்றைய விற்பனையில் நாற்பது விழுக்காடு நடந்துவிடும். உங்கள் 4,500இல் அது 1,800. எட்டுக் கடைக்குப் பிரித்தால் கடைக்கு 225, அதாவது 16 வினாடிக்கு ஒரு டம்ளர். இரண்டரை வெள்ளித் தேநீருக்கு 5 வெள்ளி முன்பணம் வாங்கி, பத்து வெள்ளி நோட்டுக்குச் சில்லறை தேடி, எதற்கு இந்த ஐந்து என்று விளக்கமும் சொன்னால் ஒவ்வொருவருக்கும் இன்னும் 10 வினாடி கூடும். வரிசை அங்கேயே உடையும். நின்றவர் போய்விடுவார், கடைக்கு நட்டம்.

தட்டுக்கும் இதே திட்டமா? குழம்பு பட்ட தட்டும் தேநீர் குடித்த டம்ளரும் ஒன்றல்ல. தட்டில் எண்ணெய், எலும்பு, கறிவேப்பிலை, ஒட்டிக் காய்ந்த சோறு எல்லாம் இருக்கும். கழுவ நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். அந்த எண்ணெய்த் தண்ணீர் எங்கே போகும்? லெபோ பசார் ஓரத்துச் சாக்கடை நேராகக் கடலுக்குப் போகிறது. கோப்பைக் குப்பையைக் குறைக்கிறோம் என்று எண்ணெயைக் கடலில் விடுவது சரியாகாது.

#3 படகுத்துறை

அண்ணே, முன்பணக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். கடையில் முன்பணம் வாங்க வேண்டாம். சாலையின் இரு முனையிலும் டம்ளர் முகப்பு இருக்கட்டும். வருகிறவர் அங்கே ஒரே தடவை 5 வெள்ளி கட்டி டம்ளர் எடுத்துக்கொள்கிறார். அதன்பின் கடைக்குக் கடை அழுக்கு டம்ளரை நீட்டினால் சுத்தமான டம்ளரில் பானம் ஊற்றித் தரவேண்டும், அவ்வளவுதான். கடையில் முன்பணம் கைமாறாது. வீட்டிலிருந்து சொந்த டம்ளர் கொண்டுவந்தால் முகப்புக்கே போகவேண்டாம்.

கழுவும் இடத்தை இப்படி அமைக்கலாம். நாலு பேர் கொண்ட ஒரு வரிசை, 40 லிட்டர் தொட்டி மூன்று. முதல் தொட்டியில் 45 டிகிரிச் சுடுதண்ணீரும் சோப்பும், இரண்டாவதில் அலசல், மூன்றாவதில் குளோரின். 5 விழுக்காட்டுச் சாதாரண வெளுப்புத் திரவம் லிட்டருக்கு 2 மில்லி, அதாவது ஒரு தொட்டிக்கு 80 மில்லி. அது 100 பி.பி.எம். அளவுக்கு வரும். ஒரு நிமிடம் முங்கியிருந்தால் போதும். அதிகநேரம் ஊறவைத்தால் சில்வரில் புள்ளி விழும். தண்ணீர் கலங்கினாலே மாற்றிவிடவேண்டும், ஏனென்றால் பாலும் சோப்பும் குளோரினைத் தின்றுவிடும். வாசனை அடித்தாலும் வேலை செய்யாது. துணியால் துடைக்கக் கூடாது. கம்பித் தட்டில் கவிழ்த்து வைத்தால் காய்ந்துவிடும்.

பிளாஸ்டிக் டம்ளர் வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். பாலிபுரோப்பிலீன் சீக்கிரம் காயாது. பினாங்குப் புழுக்கத்தில் ஈரத்தோடு அடுக்கினால் மறுநாள் நாற்றம் வரும். சில்வர் அதைவிடச் சீக்கிரம் உலரும். கல்யாண மண்டபங்களிலும் கோயில் அன்னதானக் கூடங்களிலும் ஏற்கெனவே கட்டுக்கட்டாக இருக்கிறது. புதிதாக ஒன்றுகூட வாங்கவேண்டாம்.

ஒரு வரிசை மணிக்கு 300 டம்ளர் கழுவும். இரண்டு வரிசை வைத்தால் 600. உச்சநேரத்தில் 1,800 வெளியே போகிறது, 600 திரும்பி வருகிறது. குடித்து முடிக்க இருபது நிமிடம் ஆகும் என்பதையும், முன்னெச்சரிக்கைக்குக் கொஞ்சத்தையும் சேர்த்தால் கையிருப்பு 2,400 வேண்டும். அதற்குக் கீழே போனால் ஒன்பது மணிக்கு டம்ளர் தீர்ந்து, கடைக்காரர் பெஞ்சுக்கடியில் ஒளித்து வைத்த காகிதக் கோப்பை வெளியே வரும். பெரும்பாலும் இந்தத் திட்டம் தோற்பது இந்த இடத்தில்தான்.

கழுவிய தண்ணீர் ஓர் இரவுக்கு ஏறக்குறைய 1,700 லிட்டர். அதைச் சாக்கடையில் கொட்டாமல் பக்கத்து மண்டபத்து அடுக்களைத் தொட்டி வழியாக, கொழுப்பைத் தடுத்துப் பிடிக்கும் பெட்டி வழியாக, கழிவுநீர்க் குழாய்க்கு விடவேண்டும். ஆகவே கழுவும் இடம் மண்டபத்தின் பின்கட்டில் இருக்கவேண்டும், சாலையில் அல்ல.

#4 மின்கம்பி

அந்தச் சுடுதண்ணீரை மின்சாரத்தில் போடாதீர்கள். எரிவாயு அடுப்பில் போடுங்கள். காரணம் சொல்கிறேன்.

மேடை விளக்கு எல்.இ.டி. என்றால் 24 விளக்குக்கு 3.6 கிலோவாட். பழைய பார்-64 விளக்கு ஒவ்வொன்றும் 1,000 வாட், அதே 24க்கு 24 கிலோவாட் ஆகும். விலை மலிவு என்று பழையதை வாடகைக்கு எடுக்கக் கூடாது. ஒலிக்குச் சராசரியாக 4, எல்.இ.டி. திரைக்கு 3, கடைகளின் விளக்கும் குளிர்பெட்டியும் சேர்ந்து 8. மொத்தம் 19, 20 கிலோவாட்டுக்குள் முடிந்துவிடும். ஆனால் எந்தக் கடையும் மின்கேத்தல், சோற்றுப்பானை கொண்டுவரக் கூடாது. ஒன்று 2 கிலோவாட், இருபது கடையும் கொண்டுவந்தால் 40. எட்டு மணிக்குச் சாலை முழுக்க இருட்டாகிவிடும்.

இதில் எப்போதும் நடக்கிற தப்பு, ‘பாதுகாப்புக்கு’ என்று 100 கே.வி.ஏ. ஜெனரேட்டர் வருவது. அது 80 கிலோவாட் இயந்திரம். 20 கிலோவாட் சுமையில் ஓடினால் கால்பங்குதான். அந்தச் சூட்டில் டீசல் முழுசாக எரியாது. எரியாத எண்ணெய் புகைக்குழாயில் கறுப்பாக வடியும், தெருவே நாறும், இயந்திரமும் கெடும். 40 அல்லது 45 கே.வி.ஏ. போதும். மணிக்கு 6 லிட்டர் என்று வைத்தால், ஒலிச் சோதனையும் சேர்த்து இரண்டு நாளுக்கு 100 லிட்டருக்குள் அடங்கும்.

மின்விநியோக நிறுவனமான டி.என்.பி.யிடம் தற்காலிக இணைப்பு எடுப்பது இன்னும் நல்லது. பதிவுபெற்ற மின் குத்தகையாளர் வழியாக மாதக்கணக்கில் முன்னதாக மனுச் செய்யவேண்டும். ஆனால் அதைக் ‘கரியமில வாயுக் குறைப்பு’ என்று சுவரொட்டியில் போடாதீர்கள். நம் மின்சாரத்தில் நிலக்கரியும் எரிவாயுவும்தான் பெரும்பங்கு, ஆகவே அந்தக் கணக்கில் பெரிய வித்தியாசம் வராது. மேல்மாடிவீட்டு ஜன்னலுக்கு நேரே புகையும் இரைச்சலும் இல்லை என்பதுதான் அதன் உண்மையான லாபம். பழைய கடைவீடுகளின் சொந்த இணைப்பிலிருந்து நீளக்கம்பி இழுப்பது மட்டும் கூடவே கூடாது. எந்தப் பக்கமிருந்து மின்சாரம் வந்தாலும் ஒவ்வொரு கடைக்கும் 30 மில்லியாம்பியர் கசிவுத் துண்டிப்பு தனித்தனியாக இருக்கவேண்டும். மழை வரும்.

#5 உறுமிக்காரன்

டம்ளர் கழுவுவதைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறீர்கள். வரைவுத் திட்டத்தின் மூன்றாம் பக்கத்தை யாராவது எடுத்துப் பேசுவீர்கள் என்று பார்த்தேன். சென்னையிலிருந்து பத்துப் பேர் கொண்ட கலைக்குழு வரும் என்றும், உள்ளூர் உறுமி மேளக் குழுவுக்கு ‘சன்மானம் 800 வெள்ளி’ என்றும் அங்கே எழுதியிருக்கிறது.

மின்கம்பி அண்ணன் சொன்ன 100 லிட்டர் டீசல் எரிந்தால் லிட்டருக்கு 2.68 கிலோ என்று 268 கிலோ கரியமில வாயு. சென்னையிலிருந்து பினாங்குக்கு வான்வழி 2,300 கிலோமீட்டருக்கு மேல். ஒருவர் வந்து திரும்பினாலே நானூறு கிலோவை ஒட்டிவரும். பத்துப் பேர் என்றால் 4 டன். இரண்டு இரவுக் கோப்பையும் டீசலும் சேர்ந்தாலும் அதன் பக்கத்தில் வராது.

அந்த 800ஐயும் பிரித்துப் பார்ப்போம். குழுவில் 12 பேர். மூன்று மணி நேர ஒத்திகை நான்கு, விழா நாளில் ஆறு மணி நேரம். ஆளுக்கு 18 மணி நேரம், மொத்தம் 216. மணிக்கு 3 வெள்ளி 70 சென். 2025இல் வந்த 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளத்தின் மணிக்கணக்கு 8 வெள்ளி 17 சென். அந்த அடிமட்டத்துக்கே 1,765 வெள்ளி வேண்டும். உறுமித் தோல் மாற்றுவது, வேன் வாடகை எதுவும் இதில் இல்லை. கலைஞனுக்குப் பாதிக்கும் குறைவாகக் கொடுத்து நடத்தும் விழாவைப் பசுமை விழா என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

#6 படகுத்துறை

அது கலைச் செலவுக் கணக்கு. பசுமை ஒதுக்கீட்டில் கைவைத்தால் அடுத்த ஆண்டு அந்த ஒதுக்கீடே இருக்காது.

#7 உறுமிக்காரன்

பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்பது ஏற்பாட்டுக் குழுவின் கவலை. அடுத்த ஆண்டு வாசிக்க ஆள் இருக்குமா என்பது என் கவலை. இளம் பையன்கள் மூன்று நான்கு விழாவுக்குப் பிறகு வாத்தியத்தைக் கீழே வைத்துவிடுகிறார்கள், ஏனென்றால் கைக்காசு போகிறது.

சென்னைக் குழுவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்துப் பேரை ஓர் இரவுக்குக் கூட்டிவருவதற்குப் பதிலாக ஓர் ஆசிரியரை மூன்று வாரத்துக்குக் கூட்டிவரலாமே. விமானம் பத்திலிருந்து ஒன்றாகும். அவரிடம் கற்றதை இங்குள்ளவர்கள் மேடையேற்றுவார்கள், அந்தப் பயிற்சி அவர் போனபிறகும் ஊரில் தங்கும். வெளிநாட்டுக் கலைஞர் என்பதால் புஸ்பால் என்ற அரசுக் குழுவின் அனுமதி எப்படியும் வேண்டும். அவர் கற்பிக்கவும் போகிறார் என்பதை மனுவிலேயே சொல்லி, எந்த அனுமதி பொருந்தும் என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடவேண்டும்.

இன்னொன்று, மேடையில் ஏறி இறங்கும்போது கால் பிசகினால் யார் பார்ப்பது? சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் சுயதொழில் திட்டத்தில் கலைத்துறையும் அடக்கம். கீழ்மட்டத் திட்டத்தின் ஆண்டுச் சந்தா 157 வெள்ளி 20 சென். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே ஏற்பாட்டுக் குழு அதைக் கட்டிவிடலாம்.

#8 மாடிவீடு

நீங்கள் எல்லாரும் இந்தச் சாலையைக் காலியான மைதானம் மாதிரியே பேசுகிறீர்கள். கடைக்கு மேலே குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். 1997இல் வாடகைக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் வந்து, 2000 ஆண்டு பிறந்ததும் கட்டுப்பாடு முற்றாகப் போனது. வாடகை ஏறி, பல தலைமுறைக் குடும்பங்கள் உள்நகரத்தை விட்டுப் போய்விட்டன. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு விடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. இப்போது மிச்சமிருப்பவர்களில் வயதானவர்கள் அதிகம். அவர்களையும் விரட்டும் விழா யாருக்காக?

மூன்று விஷயம் கேட்கிறேன். ஒலிபெருக்கி பத்து மணிக்கு நிற்கவேண்டும், பதினொன்றுக்கு அல்ல. சக்கர நாற்காலியில் இருப்பவரும் விழாவுக்கு வரமுடியவேண்டும். சாலையை எப்போது மூடுவீர்கள் என்பதை நாளைக் குறித்து, மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் எழுதி, கதவு கதவாகக் கொடுக்கவேண்டும். முகநூலில் போட்டால் எண்பது வயதுப் பாட்டிக்குத் தெரியாது.

#9 மின்கம்பி

அக்கா கேட்டதில் ஒலியை நேரத்தால் மட்டுமல்ல, அமைப்பாலும் குறைக்கலாம். இரண்டு பக்கமும் ஈரடுக்குக் கடைவீடுகள் சுவர் மாதிரி நிற்கும் ஒடுங்கிய சாலை இது. மேடையோரம் இரண்டு பெரிய அடுக்கு வைத்து, 60 மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் கேட்கவேண்டும் என்று ஒலியைக் கூட்டினால், மேடைப் பக்கத்து வீட்டில் இருக்கவே முடியாது. அதற்குப் பதிலாகச் சின்ன ஒலிபெருக்கி மூன்று இணை, 25 மீட்டருக்கு ஓர் இணை என்று வையுங்கள். மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில்லிவினாடி தாமதம் கொடுக்கவேண்டும், 25 மீட்டருக்கு 73. தாமதம் கொடுக்க மறந்தால் பாட்டு எதிரொலித்துக் குழம்பும், உடனே யாராவது ஒலியைக் கூட்டச் சொல்வார்கள்.

மாடிவீடுகளின் மரத்தளம் அதிர்வதற்குக் காரணம் அடிநாதப் பெட்டி (சப்வூஃபர்). மூன்றில் ஒன்றைப் பின்பக்கம் திருப்பி, அதன் ஒலியலையைத் தலைகீழாக்கி, உரிய தாமதம் கொடுத்தால் மேடைக்குப் பின்னே போகும் அதிர்வு நன்றாகக் குறையும். உறுமிக்கு அடிநாதப் பெட்டியே வேண்டாம். அந்த வாத்தியம் தானே பேசும்.

சக்கர நாற்காலிக்குச் சரிவு 1க்கு 12 என்ற விகிதத்தில் இருக்கவேண்டும். காக்கி லீமா நடைபாதை சாலையைவிட 15 சென்டிமீட்டர் உயரம் என்றால் சரிவுப் பலகை 1.8 மீட்டர். 30 சென்டிமீட்டர் என்றால் 3.6. ஒரு முழப் பலகையை வைத்துவிட்டு ‘வசதி செய்தோம்’ என்றால் நாற்காலி பின்னால் சாயும். நான்கு இடத்தில் போதும், ஆனால் ஒன்று கழிப்பறைக்கு, ஒன்று மேடை முன்னால். கேபிள் மூடியும் நாற்காலிக்குத் தடைதான். ஆகவே கேபிளைச் சாலைக்குக் குறுக்கே போடாமல் கடைகளின் பின்பக்கமாகவே ஓட்டிவிடவேண்டும்.

அப்புறம், 4 டன் என்று உறுமிக்காரத் தம்பி சொன்னதைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது, பார்வையாளர்களின் கார். ஓர் இரவில் ஆயிரம் பேர் பாலம் கடந்து, நாலு பேருக்கு ஒரு கார் என்று வந்தால் 250 கார். போய்வர 50 கிலோமீட்டர், இரண்டு இரவு. 25,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 200 கிராம் என்றால் 5 டன். படகுத்துறையிலிருந்து லெபோ பசாருக்குப் பத்து நிமிட நடை. அக்கரையில் பட்டர்வொர்த் ரயில் நிலையமும் படகுத்துறையும் அடுத்தடுத்து. சுங்கைப் பட்டாணியிலிருந்தும் புக்கிட் மெர்தாஜத்திலிருந்தும் ரயிலில் வந்து படகேறலாம். 2023 ஆகஸ்டில் வந்த புதிய படகுகள் நடைப்பயணிகளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றுகின்றன. ஆனால் விழா பதினொன்றுக்கு முடிந்தால் படகும் கைவிடும், ரயிலும் கைவிடும், எல்லாரும் கார்தான் எடுப்பார்கள்.

#10 பசார்_கடைக்காரர்

பத்து மணிக்கு மூடுவதா? அக்கா சொல்வதும் புரிகிறது, படகும் புரிகிறது. ஆனால் நாலு மணி வெயிலில் லெபோ பசாரில் யார் நிற்பார்கள்? பொழுது சாயவே ஏழரை. ஏழரையிலிருந்து பத்து என்றால் இரண்டரை மணி நேர வியாபாரம். கடை வாடகை ஏழு மணி நேரத்துக்கு வாங்கிவிட்டு இரண்டரை மணி நேரம் கொடுத்தால், சின்ன வியாபாரிகள் வரமாட்டார்கள். சங்கிலிக் கடைகள்தான் வரும். அப்போது லிட்டில் இந்தியா விழா என்று பெயர் மட்டும் இருக்கும். ஏற்கெனவே சாலையோரம் பூக்கட்டுபவருக்கும் கச்சாங் பூத்தே (கடலை வகை) விற்பவருக்கும் விழா நாளில் இடமே போய்விடுகிறது. அவர்களின் வழக்கமான இடத்தை வாடகையில்லாமல் அவர்களுக்கே விடவேண்டும்.

சனிக்கிழமை காலை மளிகை, துணி மொத்தக் கடைகளுக்கு லோரி வரும் நேரம். மதியம் ஒரு மணிக்கு முன் சாலையை மூடினால் கடைகளின் அந்த வாரச் சரக்கே கெடும். மேடை ஆட்கள் கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.

தட்டு விஷயத்துக்கு வருகிறேன், படகுத்துறைத் தம்பி அதற்குப் பதிலே சொல்லவில்லை. வாழையிலை எல்லாருக்கும் பிடிக்கும், ஆனால் நின்றுகொண்டு இலையில் குழம்பு சாப்பிடமுடியாது. மூங்கில் அல்லது சில்வர் தட்டில் அளவாக வெட்டிய இலையை விரித்துப் பரிமாறலாம். தட்டில் குழம்பு படாது, தட்டை ஓர் அலசலில் முடிக்கலாம். காய்ந்த இலை மடிப்பில் கிழியும், அதனால் அனலில் ஒரு தடவை வாட்டி எடுக்கவேண்டும். நாசி லெமாக் கட்டுகிறவர்கள் செய்வது அதுதான். புங்குஸ் (பொட்டலம்) கேட்பவருக்கும் அதே வாட்டிய இலைக் கட்டு. விழாவைத் தீபாவளி, பொங்கல் வாரத்தில் வைக்காதீர்கள், இலை விலை ஏறிவிடும்.

இலைக் குப்பைக்கும் வழி சொல்லவேண்டும். இரவுக்கு 3,000 இலையும் மிச்சச் சோறும் சேர்ந்தால் எளிதாக 200 கிலோ தாண்டும், பெரும்பாலும் ஈரம். முழு இலையை அப்படியே குவித்தால் ஒன்றோடொன்று ஒட்டி, காற்றுப் புகாமல் அழுகும். விரல் நீளத்துக்கு நறுக்கி, காய்ந்த சருகோ மரத்தூளோ இரண்டு பங்கு கலக்கவேண்டும். எலும்பும் கறியும் தனி வாளி. எதுவுமே இரவு தாண்டி இந்தச் சாலையில் இருக்கக் கூடாது. பழைய சாக்கடையில் எலி ஏராளம். பன்னிரண்டு மணிக்குள் லோரி ஏறவேண்டும்.

#11 படகுத்துறை

இலைத்தட்டை ஏற்கிறேன், என் திட்டத்தைவிட அது மேல். செலவைத் திருப்பிப் போட்டேன். டம்ளர் வாடகை ஒன்றுக்கு 1 வெள்ளி, 2,400. கழுவ எட்டுப் பேர், சேகரிக்க நாலு பேர், எட்டு மணி நேரம், இரண்டு இரவு, மணிக்கு 12 வெள்ளி, 2,304. தொட்டி, கம்பித்தட்டு, மேசை 1,500. லோரி 600. மொத்தம் 6,804. கழுவுகிறவர்களைத் தொண்டூழியர்களாக வைத்தால் 2,304 மிச்சமாகும் என்று குழுவில் சொல்வார்கள். ஒப்பாதீர்கள். ஒன்பது மணிக்குத் தொண்டூழியர் மேடை பார்க்கப் போய்விடுவார், டம்ளர் தேங்கும். சம்பளத்துக்கு வந்தவர் நிற்பார்.

மீதி 5,196. அதில் 2,000 குடிநீருக்கு. குழாய்த் தண்ணீரை ஒரு மைக்ரான் வடிகட்டியில் விட்டு நான்கு முனையில் நிறுத்தினால் போத்தல் தண்ணீர் விற்பனையையே தடை செய்யலாம். சரிவுப் பலகை நான்குக்கு 1,200. இலைக் குப்பை லோரிக்கும் மரத்தூளுக்கும் 900. ஏறக்குறைய 1,100 மிஞ்சுகிறது. உறுமிக் குழுவுக்குக் குறையும் 965 வெள்ளியை அதிலிருந்து கொடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை, ஏனென்றால் அது கலைச் செலவில் இருந்து வரவேண்டிய பணம். ஆனால் விமானச் சீட்டு ஒன்பது குறைந்தால் அந்தப் பணம் கலைச் செலவிலேயே கிடக்கும். குழுவிடம் அதைக் கேட்போம், உங்களோடு நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

பதாகையைப் பற்றி ஒரு வரி: பி.வி.சி. ஃபிளெக்ஸில் ஆண்டும் தேதியும் அச்சிடாதீர்கள். துணியில் விழாப் பெயரை எழுதி, தேதியை மட்டும் தனித் துண்டாக ஊசியில் குத்தினால் ஐந்து ஆண்டு வரும். வாசலுக்குத் தென்னங்குருத்துத் தோரணம். சாய அரிசிக் கோலம் வேண்டாம். பத்துப் பதினைந்து கிலோ அரிசி சாயத்தோடு குப்பைக்கோ சாக்கடைக்கோ போகிறது. மாவுக் கோலமே அழகு.

#12 உறுமிக்காரன்

கையெழுத்துக்கு நன்றி. ஒரு நிபந்தனை: பாதிப் பணம் ஒத்திகை தொடங்கும் அன்று, மீதி விழா முடிந்த ஏழு நாளுக்குள், தேதியோடு எழுத்தில். ‘நிதி வந்ததும்’ என்ற சொல் ஒப்பந்தத்தில் இருக்கக் கூடாது.

#13 மாடிவீடு

பத்து மணி என்ன ஆயிற்று?

#14 பசார்_கடைக்காரர்

ஒலிபெருக்கி ஒன்பதே முக்காலுக்கு நிற்கட்டும் அக்கா, கடை மட்டும் பத்தரை வரை இருக்கட்டும். ஒலி நின்றால் கூட்டம் கலையும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே பெரிய நிகழ்ச்சியைக் கடைசியில் வைக்காமல் ஏழே முக்காலுக்கு வையுங்கள், எட்டரைக்கு முடியட்டும். அதன்பின் ஒரு மணி நேரம் சின்ன நிகழ்ச்சிகள். அப்போது சாப்பிடுவார்கள். கடை வாடகையையும் ஏழு மணி நேரத்துக்கு வாங்காமல் ஐந்து மணி நேரத்துக்கு வாங்கவேண்டும். அது எழுத்தில் வந்தால் மற்ற கடைக்காரர்களிடம் டம்ளர் திட்டத்தை நானே எடுத்துச் சொல்கிறேன்.

#15 உறுமிக்காரன்

அப்படியானால் பத்து மணிக்கு நாங்கள் ஒலிபெருக்கி இல்லாமல் கூட்டத்தைப் படகுத்துறைக்கு வாசித்தபடியே கூட்டிப்போகிறோம். லெபோ பசாரில் மேளத்தை எடுக்காமல் லெபோ பந்தாய் சந்திப்பில் தொடங்குகிறோம். அங்கே வங்கிகளும் அலுவலகங்களும்தான், இரவில் குடியிருப்பவர் அரிது. பெங்காலான் வெல்ட் வரை போய் நிறுத்திக்கொள்வோம். டம்ளர் முகப்பில் ஒன்றைச் சாலையின் அந்த முனையில் வையுங்கள், போகிறவர்கள் டம்ளரைக் கொடுத்து 5 வெள்ளியை வாங்கிக்கொண்டு நடக்கலாம். ஊர்வலம் என்பதால் போலீஸ் அனுமதி தனியாக வேண்டும். விழா மனுவோடு சேர்த்தே அதையும் கொடுத்துவிடுங்கள்.

#16 மாடிவீடு

லெபோ பந்தாய் சந்திப்பு வரை மேளம் எழாது என்றால் எங்கள் வரிசைக் கதவுகளுக்குக் கடிதத்தை நான் எடுத்துப்போகிறேன். மூன்று மொழியிலும் அச்சிட்டுத் தாருங்கள், பெரிய எழுத்தில்.